ஆன்லைன் கேமில் ஒருவன் துரத்தினால்: மியூட் பொத்தானிலிருந்து காவல் நிலையம் வரை

வாலரன்ட், பி.ஜி.எம்.ஐ., கவுன்ட்டர் ஸ்டிரைக் என எதை விளையாடினாலும் திட்டு வாங்காமல் ஒரு மாதம் ஓட்ட முடியாது. அது பழகிவிடும். மேட்ச் முடிந்த பிறகும் ஒருவன் பின்னாலேயே வருவதுதான் பழகாது. எனக்கு அப்படி ஒருவன் வாய்த்தான். வாலரன்டில் மைக்கைத் திறந்து “பி சைட்ல ரெண்டு பேர்” என்று எதிரணி நிற்கும் இடத்தைச் சொன்னேன், அவ்வளவுதான். “டேய், பொண்ணு டா!” என்று தொடங்கினான். அந்த ரவுண்டு முடிவதற்குள் ஊர் எது, காலேஜ் எது, இன்ஸ்டா ஐடி என்ன என்று கேள்விகள். பதில் வரவில்லை என்றதும் கெட்ட வார்த்தை. அப்புறம் கேம் ஆடுகிறவர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்டு ஆப்புக்கு வந்தான், இன்ஸ்டாகிராமுக்கு வந்தான், கடைசியில் அப்பாவின் வாட்ஸாப்புக்கே போய்விட்டான்.

எங்கே போவது, போகும்போது எதையெல்லாம் கையில் வைத்திருப்பது என்று சொல்ல ஆள் கிடைக்கவில்லை. போன இடத்தில் எல்லாம் “அந்தத் தாள் எங்கே, இந்த நம்பர் எங்கே” என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நீங்களாவது அலையாமல் இருக்க, எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். ஒன்றைச் செய்வதற்கு முன் இன்னொன்றைச் செய்துவிட்டால் ஆதாரம் போய்விடும்.

சட்டமும் காவல் நிலையமும் வரும் பகுதி இந்தியாவில் இருப்பவர்களுக்கு. மற்ற நாடுகளில் இருப்பவர்களுக்கு முதல் ஏழு படிகள் அப்படியே பொருந்தும்.

1. முதலில் இது எந்த ரகம் என்று பாருங்கள்

தோற்ற கோபத்தில் “அன்இன்ஸ்டால் பண்ணுடா” என்று கத்துகிறவன் ஒரு ரகம். மியூட் செய்யுங்கள், ஒரு ரிப்போர்ட் போடுங்கள், அடுத்த மேட்ச்சுக்குப் போங்கள். இதற்குக் காவல் நிலையம் போனால் நேரம்தான் வீணாகும்.

வேண்டுமென்றே ஆட்டத்தைக் கெடுக்கிறவன் இரண்டாவது ரகம். வழியை மறித்து நிற்பான், சொந்த அணிக்காரன் மேலேயே குண்டு வீசுவான், உங்கள் ஸ்ட்ரீமைப் பார்த்துக்கொண்டே எதிரணியில் வந்து உட்காருவான். இவனைக் கவனிக்க வேண்டியது கேம் நிறுவனம். ஐந்தாம் படியோடு வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது ரகத்துக்குத்தான் இந்தக் கட்டுரை முழுவதும். கொன்றுவிடுவேன் என்று மிரட்டுவது, பாலியல் ரீதியாகப் பேசுவது, படம் கேட்பது, படத்தை மார்ஃபிங் செய்து அனுப்புவது, வீட்டு முகவரியையோ எண்ணையோ குழுவில் போடுவது, வேண்டாம் என்ற பிறகும் வேறு வேறு கணக்கிலிருந்து வருவது, பணம் பறிப்பது. இதில் ஒன்று நடந்தாலும் “கேம்தானே” என்று விடாதீர்கள். அதே செயலை ஒருவன் தெருவில் நின்று செய்தால் என்ன குற்றமோ, இங்கேயும் அதே குற்றம்தான்.

2. பிளாக் செய்வதற்கு முன் சேமியுங்கள்

கை தானாக பிளாக் பொத்தானுக்குத்தான் போகும். ஐந்து நிமிடம் பொறுங்கள். அவன் மெசேஜை அழித்துவிட்டாலோ பெயரை மாற்றிவிட்டாலோ உங்களிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது வெட்டாமல் முழுத் திரையையும் எடுங்கள். தேதி, நேரம், அனுப்பியவரின் பெயர், முன்னும் பின்னும் உள்ள மெசேஜ்கள் எல்லாம் தெரிய வேண்டும். ஒரே ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்துப் போனால் “இதுக்கு முன்னாடி நீங்க என்ன சொன்னீங்க?” என்பதுதான் முதல் கேள்வியாக வரும். இன்ஸ்டாகிராம் போன்றவற்றை முடிந்தால் கணினி பிரவுசரில் திறந்து, மேலே முகவரிப் பட்டை தெரியும்படி எடுங்கள்.

குரலுக்கு ஸ்கிரீன்ஷாட் உதவாது. விண்டோஸில் விண்டோஸ் பொத்தானோடு ஜி-யை அழுத்தினால் கேம் பார் திறக்கும். அதன் செட்டிங்ஸில் பின்னணிப் பதிவை இயக்கி வைத்தால், நடந்து முடிந்த சில நொடிகளையும் சேமித்துவிடலாம். என்விடியா கார்டு வைத்திருப்பவர்களுக்கு இன்ஸ்டன்ட் ரீப்ளே அதே வேலையைச் செய்யும். சண்டை வந்த பிறகு பதிவைத் தொடங்கினால் முக்கியமான வாக்கியம் தப்பிவிடும், அதனால் இப்போதே இயக்கி வையுங்கள். மொபைலில் திரைப் பதிவு இருக்கிறது. ஆனால் சில போன்களில் கேமின் வாய்ஸ் சாட் அதில் பதிவாகாது. நண்பரோடு ஒரு மேட்ச் ஆடிச் சோதித்துப் பாருங்கள். பதிவாகவில்லை என்றால் இன்னொரு போனைப் பக்கத்தில் வைத்து எடுப்பதுதான் வழி.

எடுத்த கோப்புகளை வாட்ஸாப்பில் யாருக்கும் படமாக அனுப்பி வைக்காதீர்கள். தரம் குறைந்துவிடும், கோப்போடு இருக்கும் தேதி விவரமும் போய்விடும். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள். அசல் கோப்பு நீங்கள் எடுத்த கருவியிலேயே இருக்கட்டும், ஒரு நகல் பென் டிரைவில் இருக்கட்டும். அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பது, ரீசெட் செய்வது எல்லாவற்றையும் வழக்கு முடியும் வரை தள்ளிப் போடுங்கள்.

கூடவே ஒரு நோட்டோ ஷீட்டோ போட்டு நடந்ததைத் தேதிவாரியாக எழுதுங்கள். என்னுடையதில் ஒரு வரி இப்படி இருந்தது: “இரவு 11.40, டிஸ்கார்டு, தனி மெசேஜ். ‘உங்க தெரு முனை டீக்கடையில நிப்பேன்’ என்றான். கோப்பு 7.” பின்னால் நான் தந்த மனு முழுவதும் இந்த வரிகளைக் கோத்து எழுதியதுதான். விசாரித்த அதிகாரியும் மற்ற தாள்களை ஒதுக்கிவிட்டு இதைத்தான் முதலில் படித்தார்.

3. பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடியுங்கள்

கேம் பெயர் சட்டை மாதிரி, நினைத்தால் மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் மாறாத எண் ஒன்று இருக்கும். நிறுவனத்துக்கும் காவல் துறைக்கும் அதுதான் தேவை.

டிஸ்கார்டில் செட்டிங்ஸுக்குப் போய் அட்வான்ஸ்டு பகுதியில் டெவலப்பர் மோடை இயக்குங்கள். அதன் பிறகு அவன் பெயரின் மேல் வலது கிளிக் செய்தால் யூசர் ஐடியை நகலெடுக்கும் வசதி வரும். நீளமான எண் அது. அவன் எத்தனை முறை பெயர் மாற்றினாலும் அது மாறாது. குறிப்பிட்ட மெசேஜின் லிங்க்கையும் அதே போல எடுத்து வையுங்கள்.

ஸ்டீமில் (கணினி கேம்களை வாங்கி ஆடும் தளம்) புரொஃபைல் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். 7656 என்று தொடங்கும் 17 இலக்க எண் ஒன்று ஒவ்வொரு கணக்குக்கும் உண்டு. பழைய பெயர்களும் புரொஃபைலில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு அம்புக்குறியை அழுத்தினால் தெரியும். பி.ஜி.எம்.ஐ.யில் புரொஃபைலில் உள்ள எண் ஐடி. வாலரன்டில் பெயரும் அதற்குப் பின்னால் ஹேஷ் குறியோடு வரும் டேகும் சேர்ந்ததுதான் ரயட் ஐடி (ரயட் என்பது வாலரன்டின் நிறுவனம்). டேகை விட்டுவிட்டால் அதே பெயரில் நூறு பேர் இருப்பார்கள். ரயட் ஐடியை மாற்ற முடியும் என்பதால், மேட்ச் நடந்த தேதி, நேரம், மேப் மூன்றையும் உடன் எழுதுங்கள். எந்த மேட்ச் என்று தெரிந்தால் நிறுவனத்தால் கணக்கைக் கண்டுபிடித்துவிட முடியும்.

4. ஒரே ஒரு பதில், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்

பதிலுக்குத் திட்டினால் இரண்டு நஷ்டம். உங்கள் மேலும் ரிப்போர்ட் விழும், அதைப் பார்ப்பது பெரும்பாலும் தானியங்கி முறை. யார் முதலில் தொடங்கினார்கள் என்று அது விசாரிக்காது. அப்புறம் காவல் நிலையத்தில் இது “இரு தரப்புத் தகராறு” ஆகிவிடும்.

ஆனால் துரத்துகிறவனுக்கு ஒரு முறை தெளிவாக எழுதுங்கள்: “இனி என்னை எந்த வழியிலும் தொடர்புகொள்ள வேண்டாம்.” இதற்குக் காரணம் உண்டு. பழைய ஐ.பி.சி.யின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, பெண் ஒருவர் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதைப் பின்தொடர்தல் குற்றம் என்கிறது. அந்த ஒற்றை வரியின் ஸ்கிரீன்ஷாட்தான் “தெளிவாகச் சொன்னேன்” என்பதற்கு ஆதாரம். திட்டோ, விளக்கமோ, ஸ்மைலியோ சேர்க்காதீர்கள். அனுப்பியதைப் படம் எடுங்கள். அதன் பின் பிளாக் செய்யுங்கள்.

கொலை மிரட்டல் விடுகிறவனுக்கும் பணம் கேட்கிறவனுக்கும் இந்த ஒரு வரி கூட வேண்டாம். சேமித்துவிட்டு நேராக ஒன்பதாம், பத்தாம் படிகளுக்குப் போங்கள்.

5. கேமுக்குள் மியூட்டும் ரிப்போர்ட்டும்

வாலரன்டில் எஸ்கேப் பொத்தானை அழுத்தி மேட்ச் பட்டியலுக்குப் போனால் ஒவ்வொருவரின் குரலையும் எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தலாம். ரிப்போர்ட்டும் அங்கேயே இருக்கிறது. மேட்ச்சில் நேரம் கிடைக்கவில்லை என்றால் கரியர் பகுதியில் அந்த ஆட்டத்தைத் திறந்து பிறகு போடலாம். குரலில் பேசியதற்கு வாய்ஸ் சம்பந்தப்பட்ட காரணத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ரிப்போர்ட் வந்த மேட்ச்சின் குரல் பதிவைத்தான் ஆராய்வதாக ரயட் சொல்கிறது. ஆகவே “எப்படியும் அவங்களுக்குத் தெரியும்” என்று விட்டுவிடாதீர்கள். தவறான காரணத்தைத் தேர்ந்தெடுத்து “சீட்டிங்” என்று கோபத்தில் போட்டால் அது வேறு பக்கம் போய்விடும்.

நம் ஆட்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலக் கெட்ட வார்த்தைகளை வடிகட்டுகிற ஃபில்டர், தமிழ்க் கெட்ட வார்த்தையை ஆங்கில எழுத்தில் அடித்தால் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. நடுவில் ஒரு எழுத்தைக் கூட்டினால் போதும், தாராளமாகக் கடந்து வந்துவிடும். வாலரன்டில் நீங்களே சொற்களைச் சேர்க்கும் மியூட் சொற்பட்டியல் ஒன்று செட்டிங்ஸில் இருக்கிறது. உட்கார்ந்து எல்லா எழுத்துக் கோலத்திலும் சேர்த்துவிடுங்கள். நானும் என் தோழியும் சேர்ந்து பட்டியல் போட்ட அந்த மாலை, இவ்வளவு வார்த்தைகள் நமக்குத் தெரியுமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

ரிப்போர்ட்டில் விளக்கம் எழுத இடம் இருந்தால், தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் பொருள் எழுதுங்கள். பார்க்கிறவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம்.

அதே செட்டிங்ஸில், பார்ட்டியில் இல்லாதவர்களுக்கு உங்கள் பெயரை மறைக்கும் வசதியும், நண்பர் கோரிக்கைகளைத் தானாக நிராகரிக்கும் வசதியும் இருக்கின்றன. இரண்டையும் இயக்கிவிடுங்கள். குரலை மறைக்க ஆப் வைத்துக்கொள்வது, ஆண் பெயரில் ஆடுவது எல்லாம் அவரவர் விருப்பம். நான் செய்யவில்லை.

கொலை மிரட்டலோ முகவரி வெளியிடலோ இருந்தால் கேமுக்குள் ரிப்போர்ட் போட்டதோடு நிறுத்தாமல் நிறுவனத்தின் சப்போர்ட் தளத்தில் டிக்கெட் எழுப்புங்கள். டிக்கெட் எண் வரும், மின்னஞ்சலும் வரும். பின்னால் “நிறுவனத்திடம் சொன்னீர்களா?” என்று கேட்டால் காட்டுவதற்கு அதுதான் தாள்.

6. டிஸ்கார்டு

மெசேஜ் அங்கே இருக்கும்போதே ரிப்போர்ட் அழுத்த வேண்டும். அது அழிந்த பிறகு உங்கள் ஸ்கிரீன்ஷாட்டைக் கொண்டுபோய் அவர்களிடம் காட்டிப் பலனில்லை, அது காவல் துறைக்கு மட்டுமே உதவும். அதனால் கோபத்தில் சாட்டை அழிக்காதீர்கள், சர்வரை (அங்குள்ள குழுவை) விட்டு அவசரமாக வெளியேறாதீர்கள்.

சர்வர் அட்மினிடம் சொல்லலாம். மெசேஜ் லிங்க்கோடு சொன்னால் நல்ல அட்மின் அன்றே தூக்கிவிடுவார். நம் ஊர் சர்வர்களில் பாதி, நாலு நண்பர்கள் சேர்ந்து நடத்துவது. அட்மின் அவனுக்கு மச்சானாக இருந்தால் “விடு சிஸ், அவன் சும்மா ஜாலிக்குப் பேசுவான்” என்றுதான் பதில் வரும். அதையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வேறு சர்வர் பாருங்கள்.

சர்வரில் இருக்கிற எவரும் தனி மெசேஜ் அனுப்பலாம் என்பது பல கணக்குகளில் இயங்கிக்கொண்டிருக்கும். பிரைவசி செட்டிங்ஸில் அதை நிறுத்துங்கள். ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

7. நம் பக்கம் கசிகிற ஓட்டைகள்

கேமில் மட்டும் தெரிந்தவனுக்கு அப்பாவின் எண் எப்படிக் கிடைத்தது? மந்திரம் ஒன்றும் இல்லை. எங்கள் கேம் குழுவான கிளானின் ஜெர்சிக்கு எல்லோரும் ஜிபேயில் பணம் போட்டோம். பணம் அனுப்பினால் வங்கியில் உள்ள முழுப் பெயர் தெரியும். யு.பி.ஐ. ஐடியே போன் எண்ணாக இருந்தால் எண்ணும் தெரியும். பெயர் கிடைத்தால் ஃபேஸ்புக்கில் குடும்பப் படம், அதில் அப்பா, அப்பாவின் கடைப் பக்கத்தில் அவர் எண். இவ்வளவுதான் அவன் செய்த துப்பறிதல்.

ஆகவே முன்பின் தெரியாதவர்களோடு பணம் பகிராதீர்கள். பகிர்ந்தே ஆக வேண்டும் என்றால் போன் எண் இல்லாத யு.பி.ஐ. ஐடியை உருவாக்கிக்கொள்ளுங்கள். கேம் பெயரும் இன்ஸ்டாகிராம் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டாம். டிஸ்கார்டு புரொஃபைலில் இணைத்து வைத்த ஸ்டீம், யூடியூப் கணக்குகளைப் பிரித்துவிடுங்கள். எல்லாக் கணக்குக்கும் இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். “இலவச ஸ்கின்”, “இலவச யூ.சி.”, “எங்க டீமுக்கு ஓட்டுப் போடு” என்று வரும் லிங்க்குகள் கணக்கைப் பறிக்கத்தான்.

ஏற்கெனவே எண் வெளியாகியிருந்தால் வீட்டில் சொல்லிவிடுங்கள். அவன் சொல்லித் தெரிவதைவிட நீங்கள் சொல்லித் தெரிவது நல்லது. பெரும்பாலும் அவன் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் “வீட்ல சொல்லிடுவேன்” என்பதுதான்.

அந்தரங்கப் படம், மார்ஃபிங் படம் பற்றிய மிரட்டல் என்றால், 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ, அதற்குக் கீழே இருந்தபோது எடுத்த படம் என்றால் டேக் இட் டவுன் என்று இரண்டு இலவசச் சேவைகள் உண்டு. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் கருவியிலேயே அதற்கு ஒரு எண் அடையாளம் உருவாகும், அது மட்டும்தான் போகும். சேர்ந்திருக்கும் சமூக வலைத்தளங்கள் அதை வைத்துப் படம் பரவாமல் தடுக்கும்.

8. நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி

இது பலருக்குத் தெரியாத வாசல். 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இந்தியாவில் இயங்கும் சமூக வலைத்தளம் போன்ற இடைத்தரகு நிறுவனங்கள் குறைதீர் அதிகாரி ஒருவரின் பெயரையும் தொடர்பையும் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததாக 24 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும், அதிகபட்சம் 7 நாளுக்குள் தீர்க்க வேண்டும். அந்தரங்கப் படம், மார்ஃபிங் படம் என்றால் 2 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சாதாரண ரிப்போர்ட் பொத்தானுக்குப் பதில் வரவில்லை என்றால் இந்த அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பொருள் வரியில் புகாரின் தன்மை, உள்ளே உங்கள் ஐடி, அவன் ஐடி, லிங்க்குகள், என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி. கண்ணீர் கதை வேண்டாம்.

அவர்கள் முடிவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் ஆன்லைனிலேயே முறையிடலாம். கட்டணம் இல்லை.

9. தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார்

தளத்தின் முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். போலித் தளங்கள் நிறைய. புகார் போட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களும் நிறைய. பணம் பறிபோயிருந்தால் தளத்துக்கு முன்பே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றத்துக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அதில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். ஆனால் பெயர் சொல்லாமல் போட்டால் பின்தொடர முடியாது. நடவடிக்கை வேண்டும் என்றால் எண்ணும் ஓ.டி.பி.யும் கொடுத்து உள்ளே போய்ப் பதியுங்கள்.

தயாராக வைத்திருக்க வேண்டியவை: அடையாள அட்டையின் படம் (ஆதார், பான், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு இவற்றில் ஒன்று) 5 எம்.பி.க்குள், ஆதாரக் கோப்புகள் ஒவ்வொன்றும் 10 எம்.பி.க்குள். வீடியோ பெரிதாக இருந்தால் முக்கியமான பகுதியை மட்டும் தனி நகலாக வெட்டி ஏற்றுங்கள். அசலைத் தொடாதீர்கள்.

இப்போது எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். சம்பவ விவரம் குறைந்தது 200 எழுத்து இருக்க வேண்டும், சிறப்புக் குறியீடுகள் ஏற்காது. கேம் பெயர்களோ ஹேஷ், ஸ்டார், ஜப்பானிய எழுத்து, மண்டையோடு என்று அலங்காரமாக இருக்கும். அதை ஒட்டினால் படிவம் நிற்கும், எதனால் என்று தெரியாமல் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருப்போம். விவரத்தில் “பெயர் கோப்பு 3-இல் உள்ளபடி” என்று எழுதிவிட்டு எண் ஐடியை மட்டும் இலக்கத்தில் கொடுங்கள். விவரத்தை முதலில் நோட்பேடில் எழுதி வைத்துக்கொண்டு ஒட்டுவது நல்லது. நடுவில் வெளியே தள்ளிவிட்டால் மறுபடி அடிக்க வேண்டாம்.

முடிந்ததும் ஒப்புகை எண் வரும். அதைப் பிரின்ட் எடுங்கள். இது எஃப்.ஐ.ஆர். இல்லை. உங்கள் மாவட்டக் காவல் துறைக்குப் போகிற மனு மட்டுமே.

10. காவல் நிலையம்

தளத்தில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் மெதுவாகத்தான் நகரும். ஒப்புகை எண்ணோடு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போங்கள். மிரட்டல் உடனடியானது என்றால், வீட்டு வாசலுக்கு வருவேன் என்கிறான் என்றால், பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ 112-க்கோ முதலில்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை:

அ) தமிழில் ஒன்றரைப் பக்க மனு, இரண்டு நகல். மேலே அனுப்புநர், பெறுநர். உள்ளே தேதிவாரிப் பட்டியல். கடைசியில் “நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்”, கையெழுத்து.
ஆ) ஸ்கிரீன்ஷாட்களின் பிரின்ட், எண் போட்டு, ஒவ்வொன்றிலும் கையெழுத்தோடு.
இ) எல்லாக் கோப்பும் உள்ள பென் டிரைவ். திரும்பக் கிடைக்காது என்று நினைத்து வாங்குங்கள்.
ஈ) அடையாள அட்டை நகல், ஒப்புகை எண்ணின் பிரின்ட், நிறுவனத்தின் டிக்கெட் மின்னஞ்சல்.
உ) ஸ்கிரீன்ஷாட் எடுத்த அதே போன் அல்லது லேப்டாப்.

மனுவில் கேம் சொற்களை விளக்க வேண்டும். “ரேங்க்டு லாபியில் டாக்ஸிக்காகப் பேசி டி.எம். பண்ணினான்” என்று எழுதினால் அதிகாரிக்கு ஒன்றும் புரியாது. “இணையம் வழியாக ஐந்து பேர் கொண்ட அணியாக விளையாடும்போது, நேரலை ஒலி வசதியில் என்னை ஆபாசமாகப் பேசினார். பிறகு தனிச் செய்தி அனுப்பினார்” என்று எழுதுங்கள்.

எனக்கு முதலில் கிடைத்த பதில் “கேம்தானேம்மா, விளையாடாம இருந்தாப் போச்சு”. நாற்காலியை விட்டு எழுந்துவிடாமல் “சார், இப்போ கேம்ல இல்ல. அப்பா நம்பருக்கு வந்திருக்கு” என்று அந்த மெசேஜை எடுத்து மேசையில் வைத்தேன். அதன் பிறகுதான் பேனா எடுத்தார். கேமில் நடந்ததைப் பின்னால் வைத்து, நிஜ வாழ்க்கைக்கு வந்த பகுதியை முன்னால் வையுங்கள்.

பிரிவுகளை நீங்கள் சொல்லத் தேவையில்லை, ஆனால் தெரிந்து வைத்திருங்கள். பின்தொடர்தலுக்கு 78, பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்தும் சொல்லுக்கு 79, மிரட்டலுக்கு 351. இவை பாரதிய நியாய சன்ஹிதாவில், 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ளவை. மிரட்டல் கொலை மிரட்டலாக இருந்தால் 7 ஆண்டு வரை தண்டனை உண்டு. யார் என்று தெரியாதபடி மறைந்து நின்று மிரட்டினால் கூடுதலாக 2 ஆண்டு வரை. 78, 79 பெண்களுக்கானவை. ஆண்களுக்கும் 351 பொருந்தும், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். ஆபாசப் படம் அனுப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகள். “66ஏ போடுங்க சார்” என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்துவிட்டது.

எங்கள் எல்லை இல்லை என்று சொன்னால்: எந்த நிலையத்திலும் தகவல் தரலாம், அதை ஜீரோ எஃப்.ஐ.ஆர். ஆகப் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்ப குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு வழி செய்கிறது. மின்னணு முறையில் தந்திருந்தால் 3 நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். 78, 79 போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண் தரும் தகவலைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும், தயங்காமல் கேளுங்கள். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் மேல் மாஜிஸ்திரேட்.

வெளியே வரும்போது கையில் எஃப்.ஐ.ஆர். நகல் அல்லது குறைந்தது மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இருக்க வேண்டும். “போயிட்டு வாங்க, கூப்பிடுறோம்” என்பது ரசீது ஆகாது.

11. செலவும் காலமும்

புகாருக்குக் கட்டணம் எங்கேயும் இல்லை. எஃப்.ஐ.ஆர். நகலும் இலவசம். செலவு என்று பார்த்தால் பிரின்ட், ஜெராக்ஸ், பென் டிரைவ், பஸ் காசு. வழக்கறிஞர் கட்டாயமில்லை. எஃப்.ஐ.ஆர். போட மறுத்து நீதிமன்றம் போக வேண்டி வந்தால் அப்போது பாருங்கள். பெண்களுக்கும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

3 முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை வரும் குற்றங்களில், எஃப்.ஐ.ஆர். போடும் முன் 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தச் சட்டம் இடம் தருகிறது. அதனால் முதல் நாளே எஃப்.ஐ.ஆர். வராவிட்டால் பதற வேண்டாம், 14 நாளுக்குப் பிறகும் பேச்சு மூச்சு இல்லை என்றால் போய் நில்லுங்கள். விசாரணையின் நிலையை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

தள்ளிப் போடக் கூடாத காரணம் ஒன்று: ஒருவர் கணக்கை மூடிவிட்டால் அவரது பதிவு விவரங்களை நிறுவனம் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. அதன் பிறகு கேட்டால் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. “செமஸ்டர் முடியட்டும்” என்று ஆறு மாதம் விட்டால் அவன் தப்பிவிடுவான்.

வழக்கு நீதிமன்றம் போனால் மின்னணு ஆதாரத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் கேட்பார்கள். முன்பு 65பி என்று சொல்வார்களே, அதன் இடத்தில் வந்தது. எந்தக் கருவியில் எடுத்தது, கோப்பின் ஹேஷ் மதிப்பு (கோப்பின் கைரேகை போன்ற அடையாளம்) என்ன என்பதெல்லாம் அதில் வரும். ஒரு பகுதியை நீங்களும் இன்னொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். இதற்காகத்தான் அந்தப் போனை விற்காதீர்கள் என்று மேலே சொன்னேன்.

12. செய்யக் கூடாதவை சில

அவன் முகத்தையும் எண்ணையும் போட்டு “இவன்தான்” என்று ரீல்ஸ் வெளியிடாதீர்கள். ஆள் மாறிப் போனால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும். சரியான ஆளாகவே இருந்தாலும் அவன் கணக்கை அழித்துவிட்டு ஓட நேரம் கொடுத்தது போல் ஆகும். “ஐ.பி. எடுத்துத் தரேன், ஹேக் பண்ணித் தரேன்” என்று வருகிற ஹேக்கர் தம்பிகளிடம் போகாதீர்கள், அது தனிக் குற்றம். பாதிப் பேர் முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்கள். மிரட்டிப் பணம் கேட்பவனுக்கு ஒரு ரூபாய் கொடுத்தாலும் அடுத்த வாரம் மறுபடி கேட்பான்.

வீட்டில் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் விளையாடினால் பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை வந்து சொல்லும்போது போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள், போனை அணைத்து வைத்தால் ஆதாரமும் கிடைக்காது. யாராவது பாலியல் ரீதியாகப் பேசியிருந்தால் அது போக்சோ சட்டத்துக்குள் வரும், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு எந்த நேரமும் அழைக்கலாம். அந்தப் படங்களையும் மெசேஜ்களையும் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டு ஆலோசனை கேட்காதீர்கள். குழந்தையின் ஆபாசப் படத்தைப் பகிர்வதே குற்றம், எந்த நல்லெண்ணத்தில் பகிர்ந்தாலும். போனை அப்படியே காவல் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள், சார்ஜரோடு.